பதக்கத்துக்கு முன்னால் ஒரு பெயர்ப் பட்டியல்

2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்-ரூர் நகரங்களில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. இந்திய இறகுப்பந்து அணியில் பன்னிரண்டு மாணவ மாணவியர் போயிருந்தார்கள். புவனேஸ்வரில் நடந்த தேர்வுப் போட்டிகளில் ஆடி இடம்பிடித்தவர்கள் அவர்கள். ஆனால், கலப்பு அணிப் போட்டிக்கு முன் நடந்த மேலாளர் கூட்டத்தில் இந்தியத் தரப்பு கொடுத்த பட்டியலில் ஆறு பெயர்கள்தான் இருந்தன. மற்ற ஆறு பேரும் களமிறங்க முடியவில்லை. அவர்களுக்குக் காயம் எதுவும் இல்லை, ஊக்கமருந்துப் புகாரும் இல்லை. தாளில் பெயர் இல்லை, அவ்வளவுதான். ஆடிய அணி வெண்கலம் வென்றது. ஆட முடியாதவர்கள் வெளிப்படையாகப் பேசிய பிறகு விஷயம் நாடு முழுக்கத் தெரிந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு தன் உயர் அதிகாரி ஒருவரை இடைநீக்கம் செய்து விசாரணைக் குழு அமைத்தது.

ஓர் அதிகாரியின் அலட்சியம் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. கல்லூரி மாணவர் ஒருவரின் பெயர் ஊரிலிருந்து கிளம்பி அப்படியொரு சர்வதேசப் பட்டியல் வரை போய்ச் சேர எத்தனையோ பட்டியல்களில் ஏற வேண்டும். ஒவ்வொரு பட்டியலையும் யாரோ ஒருவர் எழுதுகிறார், யாரோ சரிபார்க்கிறார், யாரோ கையெழுத்திடுகிறார். ஜெர்மனியில் விடுபட்ட பெயர்களைப் பற்றி நமக்குத் தெரிய வந்தது. முதல் பட்டியலிலேயே ஏறாமல் போகும் பெயர்களைப் பற்றித் தெரிவதே இல்லை. பல்கலைக்கழக விளையாட்டின் தலைமையை அந்த முதல் பட்டியலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் வாதம். அதற்குப் புனே மாவட்டத்தின் ரஞ்சன்காவிலிருந்து தொடங்குவது வசதி.

ரஞ்சன்காவ் புனே நகரத்திலிருந்து அகில்யாநகர் (பழைய அகமதுநகர்) போகும் நெடுஞ்சாலையில், சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில் அங்கே உண்டு. அதைவிடப் பெரிதாக இன்று தெரிவது மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை. எல்.ஜி., ஃபியட் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் இங்கே இயங்குகின்றன. தமிழ் வாசகருக்கு ஸ்ரீபெரும்புதூரையோ ஒரகடத்தையோ நினைத்துக்கொண்டால் ஊரின் தன்மை பிடிபட்டுவிடும்: விவசாய நிலத்தின் நடுவே ஆலைகள், அவற்றைச் சுற்றி வாடகை அறைகள், ஷிஃப்ட் நேரத்தைச் சுமந்துகொண்டு ஓடும் பேருந்துகள். ஷிரூர் தாலுகாவைச் சேர்ந்த இந்த ஊரின் பிள்ளைகள் பட்டப்படிப்புக்குப் பெரும்பாலும் ஷிரூர் நகரத்துக்கோ புனே பக்கமோ போகிறார்கள். ஷிரூரின் சந்த்மல் தாராசந்த் போரா கல்லூரி போன்றவை சாவித்ரிபாய் பூலே புனே பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

மகாராஷ்டிரத்தின் இதுபோன்ற சிற்றூர்களில் விடியற்காலையில் சாலையோரம் ஓடுகிற இளைஞர்களைப் பார்க்கலாம். அவர்களில் மிகப் பலர் காவலர் தேர்வுக்கு ஓடுகிறார்கள். ஆண்களுக்கு 1600 மீட்டர், பெண்களுக்கு 800 மீட்டர், கூடவே 100 மீட்டரும் குண்டெறிதலும். மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு ஐந்து சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆக, ஓடுவதற்கான காரணம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. காலும் மூச்சும் இருக்கின்றன. அந்த ஓட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் தடகளப் பாதைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது யார் என்பதுதான் கேள்வி.

பதில் எளிமையானது: கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். நம்மூரில் மாணவர்கள் 'பி.டி. சார்' என்று கூப்பிடுகிறவர். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இவரை ஆசிரியருக்கு நிகரான பதவியில் வைத்திருக்கின்றன. அந்த வேலைக்கு வருகிறவர் உடற்தகுதித் தேர்விலும் தேற வேண்டும். முப்பது வயது வரையிலான ஆண் என்றால் பன்னிரண்டு நிமிடத்தில் 1800 மீட்டரை ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் நியமன விதிகளில் இப்படி உடலைச் சோதித்துப் பார்க்கும் பதவி வேறு இல்லை. ஆனால், நியமனத்துக்குப் பிறகு அவருடைய நாட்களில் பெரும்பகுதி மேசையில்தான் கழிகிறது.

என்ன மேசை வேலை? புனே பல்கலைக்கழகம் 1949இல் தொடங்கியது. புனே, அகில்யாநகர், நாசிக் என்ற மூன்று பெரிய மாவட்டங்களின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதோடு இணைந்திருக்கின்றன. இவ்வளவு கல்லூரிகளையும் ஒரே மைதானத்தில் ஓடவைக்க முடியாது. அதனால் புனே நகரம், புனே மாவட்டம், அகில்யாநகர், நாசிக் என்று மண்டலங்கள் பிரித்திருக்கிறார்கள். மண்டலத்துக்குள் எந்த ஆட்டத்தை எந்தக் கல்லூரி நடத்துவது என்று ஆண்டுத் தொடக்கத்தில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மண்டலத்தில் வென்றவர்கள் மண்டலங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகிறார்கள். அதிலிருந்து பல்கலைக்கழக அணி. பிறகு மேற்கு மண்டலப் போட்டி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. இடையில் மகாராஷ்டிரப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் மோதும் 'அஷ்வமேத்' விழா வேறு.

ஒவ்வொரு படியிலும் தகுதிப் படிவம் வேண்டும்: பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிறந்த தேதி, சேர்க்கை ஆண்டு, புகைப்படம், முதல்வர் கையெழுத்து, முத்திரை. பெண்கள் அணியோடு பெண் மேலாளர் ஒருவர் போயாக வேண்டும். கல்லூரியில் அப்படியொருவர் கிடைக்காத நாளில், வேகமாக ஓடும் பெண்ணும் வீட்டிலேயே இருந்துவிடுவார். பருவத் தேர்வும் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தால் தேர்வுத் துறையோடு பேசி மறுதேர்வுக்கு வழிசெய்ய வேண்டும். பயணப்படிக்கு முன்பணம் வாங்க வேண்டும், திரும்பி வந்ததும் கணக்குக் காட்ட வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மாணவரின் அந்த ஆண்டு போய்விடும். பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு வயது உச்சவரம்பு 25. கல்லூரியில் மூன்று ஆண்டுகள் படிக்கிறவருக்கு ஒரு பருவத்தை இழப்பது சின்ன இழப்பு இல்லை.

2016ஆம் ஆண்டின் மகாராஷ்டிரப் பொதுப் பல்கலைக்கழகச் சட்டம் விளையாட்டுக்கும் உடற்கல்விக்கும் தனி வாரியம் அமைத்து, அதற்கு ஓர் இயக்குநரையும் வைத்திருக்கிறது. விளையாட்டுக்குச் சட்டத்திலேயே இடம் கிடைத்தது நல்ல விஷயம். ஆயினும் வாரியம் கூடுவது புனே நகரின் கணேஷ்கிண்டில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில். அதன் முடிவுகளை நிறைவேற்றுவது ஷிரூரிலோ ஜுன்னரிலோ இருக்கும் ஒரு தனி ஆள். அந்த ஆள் தற்காலிக நியமனத்தில் இருந்தால், அடுத்த ஜூனில் அதே நாற்காலியில் இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. முதலாண்டு மாணவியை மூன்றாம் ஆண்டில் எங்கே நிறுத்தலாம் என்று அவர் எப்படித் திட்டமிடுவார்?

கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். இந்தியா ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பிய கதையே இந்த வட்டாரத்துக் கிராமத்து ஓட்டக்காரர்களிடமிருந்து தொடங்கியதுதான். 1919இல் புனேயின் டெக்கான் ஜிம்கானா நடத்திய விளையாட்டு விழாவில் அதன் தலைவராக இருந்த தோராப்ஜி டாடா, வெறுங்காலோடு ஓடிய விவசாயிகளைக் கண்டார். அவர்களுடைய திறன் ஐரோப்பியத் தரத்துக்கு வெகுதூரம் இல்லை என்று அவருக்குப் பட்டது. ஒலிம்பிக்கின் விதிகளும் நேரக் கணக்கும் விழா நடத்தியவர்களுக்கே புதியவை. டாடா பணம் திரட்டினார், பம்பாய் ஆளுநரின் ஆதரவைப் பெற்றார். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஓர் அணி கிளம்பியது. பதெப்பா சௌகுலே மாரத்தானில் ஓடினார். ஓடத் தெரிந்தவர்கள் அதற்கு முன்னும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து, நேரத்தைக் குறித்து, கடிதம் எழுத ஓர் அமைப்பு அப்போதுதான் முன்வந்தது.

அதே 1920இல் சென்னையில் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் கல்லூரி அதன் தொடர்ச்சி. அங்கே பயின்றவர்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியோடு சென்று அதை நடத்தியவரும் பக்தான். புனேயில் செல்வந்தரின் ஆதரவு, சென்னையில் பயிற்சி பெற்ற பணியாளர்கள்: இந்திய விளையாட்டு நிர்வாகத்தின் இரண்டு வேர்கள் இவை. இரண்டில் நீடித்துப் பலன் தந்தது சென்னையின் வேர் என்றே நினைக்கிறேன். செல்வந்தர் ஓர் அணியை அனுப்பலாம். ஆண்டுதோறும் அணிகள் உருவாக ஊருக்கு ஒரு ஆசிரியர் வேண்டும்.

இந்த இடத்தில் காஷாபா ஜாதவைச் சொல்லாமல் நகர முடியாது. சாத்தாரா மாவட்டத்தின் கராட் அருகே கோலேஷ்வர் கிராமத்தவர், கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி மாணவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாவது இடம். அந்தப் பயணத்துக்குக் கோலாப்பூர் மகாராஜா உதவினார். 1952 ஹெல்சிங்கிக்குப் போகவோ கையில் பணம் இல்லை. கிராமத்தார் திரட்டித் தந்தார்கள். ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டேகர் தன் வீட்டை அடமானம் வைத்து ஏழாயிரம் ரூபாய் கொடுத்தார். ஜாதவ் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. புனே பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வளாகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கர்டேகரின் செயலைப் படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. கூடவே கோபமும் வருகிறது. தன் மாணவனை அனுப்ப ஒரு முதல்வர் வீட்டை அடகு வைக்க நேர்ந்தது என்றால், அவருக்கு மேலே இருந்த எல்லா அலுவலகங்களும் கைவிட்டுவிட்டன என்று பொருள். தியாகத்தை நம்பி ஓர் அமைப்பை நடத்தக் கூடாது. இன்றும் கிராமக் கல்லூரிகளில் சொந்தப் பணத்தில் ஷூ வாங்கித் தரும் ஆசிரியர்களை நாம் பாராட்டி எழுதுகிறோம். அவர்கள் ஏன் வாங்கித் தர வேண்டியிருந்தது என்று எழுதுவதில்லை.

2020 பிப்ரவரி, மார்ச்சில் புவனேஸ்வரில் முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் நடந்தன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் கலந்துகொண்டன. முடிவில் சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகமும் புனே பல்கலைக்கழகமும் பதினேழு தங்கம் வீதம் பெற்றிருந்தன. வெள்ளிப் பதக்கங்களின் எண்ணிக்கையில் முந்திய பஞ்சாப் பல்கலைக்கழகம் பட்டத்தை எடுத்துக்கொண்டது, புனே இரண்டாவது. ஓர் அரசுப் பல்கலைக்கழகம், தன்னோடு இணைந்த கல்லூரிகளின் மாணவர்களைக் கொண்டு, அவ்வளவு தூரம் போனது பெரிய விஷயம். நீச்சலில் சாத்வி துரி போன்றவர்கள் தங்கங்களை வென்றார்கள்.

ஆனால், நீச்சல் குளம் நகரத்தின் சொத்து. பாலேவாடியில் 1994 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய சிவ சத்ரபதி வளாகம், கழகங்கள், தனிப் பயிற்சியாளர்கள், ராணுவ விளையாட்டு நிறுவனம் என்று புனே நகரம் செழித்த நகரம். ஒரு மாணவர் பத்து வயதிலிருந்து நகரத்துக் கழகத்தில் பயின்று, பதினெட்டு வயதில் கல்லூரியில் சேர்ந்து, பல்கலைக்கழகத்துக்குப் பதக்கம் வாங்கித் தந்தால், அந்தப் பதக்கத்தில் பல்கலைக்கழக நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு? அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அது சிரமமான கணக்குத்தான்.

மறுபக்கத்தில் நாசிக் இருக்கிறது. நெடுந்தூர ஓட்டத்தில் அந்த மாவட்டம் தனி மரபையே வளர்த்திருக்கிறது. கவிதா ராவுத் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 10,000 மீட்டரில் வெண்கலம் வென்றார். அவருக்குப் பின் வந்த சஞ்சீவனி ஜாதவ் புனே பல்கலைக்கழகத்துக்காக ஓடியவர். 2017 தைபே உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 10,000 மீட்டரில் வெள்ளி வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது. நாசிக்கின் வெற்றிக்குக் காரணம் விலையுயர்ந்த கட்டடம் இல்லை. ஊரிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிய பயிற்சியாளர், கூடவே ஓட ஒரு கூட்டம், அருகிலேயே கல்லூரி. ரஞ்சன்காவ் போன்ற ஊருக்குக் கைக்கெட்டும் முன்மாதிரி அதுதான்.

2020க்குப் பிறகு ஆட்டம் மாறிவிட்டது. 2022இல் பெங்களூருவில் நடந்த இரண்டாம் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில் ஜெயின் பல்கலைக்கழகம் முதலிடம் பிடித்தது. 2024இல் வடகிழக்கு மாநிலங்களில் நடந்த போட்டியில் சண்டிகர் பல்கலைக்கழகம் முதலிடம், லவ்லி புரொபெஷனல் பல்கலைக்கழகம் இரண்டாமிடம். மூன்றும் தனியார் நிறுவனங்கள். பல்கலைக்கழக விளையாட்டின் உயரிய விருதான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57இல் தொடங்கி, முதலில் பம்பாய் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பின்னாளில் அமிர்தசரஸின் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் இருபது தடவைக்கும் மேல் அதை வென்றது. 2024ஆம் ஆண்டுக்கான கோப்பையைச் சண்டிகர் பல்கலைக்கழகம் பெற்றது. முதல்முறையாக ஒரு தனியார் பல்கலைக்கழகம்.

இதில் தவறு ஏதும் இல்லை. கட்டண விலக்கு, விடுதி, சத்துணவு, பயிற்சியாளர் எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் கொடுத்து, நாடு முழுவதிலிருந்தும் சிறந்த வீரர்களை அழைத்துச் சேர்ப்பது திறமையான நிர்வாகமே. ஒரே முடிவெடுக்கும் இடம், ஒரே வங்கிக் கணக்கு. கோப்பு ஷிரூரிலிருந்து கணேஷ்கிண்டுக்குப் பயணம் செய்ய வேண்டியதில்லை. இந்தச் சலுகைகளால் ஹரியானாவிலும் மணிப்பூரிலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் படிப்பைத் தொடர்கிறார்கள். ஆனால், இந்த முறை ஏற்கெனவே தெரிந்த திறமையைத் திரட்டுகிற முறை. இதுவரை யாரும் நேரம் குறித்துப் பார்க்காத ஒருத்தியைத் தேடி ரஞ்சன்காவுக்கு வர அதற்குக் காரணமே இல்லை. அந்த வேலையைச் செய்யும் வாய்ப்பு இணைப்புக் கல்லூரிகளைக் கொண்ட அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே இருக்கிறது. தாலுகாவுக்குத் தாலுகா அதற்குக் கால் பதிக்க இடம் உண்டு. அதைத் தனியாரோடு பதக்கப் பட்டியலில் மட்டும் ஒப்பிட்டால், புனே பல்கலைக்கழகம் தானும் ஆள் திரட்டும் முறைக்கே போய்விடும். அப்போது ஊர்க் கல்லூரிகளின் தொடர்பு பெயரளவில் மட்டும் மிஞ்சும்.

அமெரிக்காவில் இந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பார்க்கலாம். 1905இல் கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்தில் மாணவர்கள் உயிரிழந்ததைத் தொடர்ந்து, ஆட்டத்தைப் பாதுகாப்பானதாக்க 1906இல் ஓர் அமைப்பு பிறந்தது. இன்றைய என்.சி.ஏ.ஏ. அதுதான். நூற்றிருபது ஆண்டுகளில் தொலைக்காட்சிப் பணம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி, ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். அதே அமெரிக்காவில் 1972இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம் நமக்கு வேறொரு பாடம் தருகிறது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டை அது தடைசெய்தது. அதனால் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு எத்தனை இடம், எத்தனை அணி, எவ்வளவு உதவித்தொகை என்று எண்ணிச் சொல்ல வேண்டியதாயிற்று. எண்ணத் தொடங்கிய பிறகுதான் பெண்களின் பங்கேற்பு வளர்ந்தது.

தமிழ்நாட்டில், நீண்ட காலம் துணைவேந்தராக இருந்த ஏ.எல். முதலியாரின் பெயரில் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்தும் கல்லூரிகளுக்கிடையிலான தடகளப் போட்டியில் பெண்கள் பட்டத்தை எம்.ஓ.பி. வைஷ்ணவ் கல்லூரி திரும்பத் திரும்ப வென்றிருக்கிறது. ஒரு கல்லூரி நிர்வாகம் முடிவெடுத்து, விடாமல் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. ஒரே கல்லூரி இப்படித் தொடர்ந்து வெல்வது மற்ற நூற்றுக்கணக்கான கல்லூரிகளைப் பற்றியும் நமக்குச் சொல்கிறது.

ஆகவே புனே பல்கலைக்கழகத்திடம், நம் பல்கலைக்கழகங்களிடமும், நான் எதிர்பார்ப்பது ஓர் ஆண்டறிக்கை. அதில் பதக்கங்கள் இருக்கட்டும். கூடவே, எத்தனை கல்லூரிகள் ஒரு மாணவரைக்கூட மண்டலத் தடகளத்துக்கு அனுப்பவில்லை, எத்தனை கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் பணியிடம் காலியாக இருக்கிறது, பெண் மேலாளர் இல்லாததால் எத்தனை அணிகள் போகவில்லை, பயணப்படி எத்தனை மாதம் கழித்துக் கைக்கு வந்தது என்ற விவரங்களும் கல்லூரி வாரியாக இருக்க வேண்டும். இவை எல்லாம் பல்கலைக்கழகக் கோப்புகளில் எங்கோ இருக்கும் தகவல்கள்தான். தொகுத்து வெளியிட்டால் போதும். புதிய கல்விக் கொள்கையின்படி மகாராஷ்டிரத்தில் விளையாட்டும் உடல்நலனும் பட்டப்படிப்பில் மதிப்பீட்டு அலகு பெறும் பாடங்களாகியிருக்கின்றன.  அந்த வகுப்பில் ஒரு கடிகாரத்தையும் ஒரு பதிவேட்டையும் வைத்தால், அதுவே முதல் தேர்வுப் போட்டியாகிவிடும்.

பணமும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுக்கான பயிற்சி வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையின் ஆலைகளுக்கும் ஷிரூர் தாலுகாவின் கல்லூரிகளுக்கும் நடுவே இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. நானூறு மீட்டர் மண் தடம், மாலை ஷிஃப்ட் பேருந்தில் மாணவிகளுக்குச் சில இருக்கைகள், ஓராண்டுக்கு ஒரு பயிற்சியாளரின் சம்பளம்: கேட்கத் தக்கவை இவை. கேட்பதற்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும், பல்கலைக்கழக வாரியத்தின் ஒப்புதலை வாங்கி இணைக்க வேண்டும், ஆலை மேலாளரைப் போய்ப் பார்க்க வேண்டும், அடுத்த ஆண்டு கணக்கோடு மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்தான். அடுத்த ஜூனிலும் அவர் அதே கல்லூரியில் இருப்பார் என்ற நியமன ஆணையை அதற்கு முன்பே அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.